நாயகன் பாதியில் இறந்தால் மீதிக் கதை என்ன? இசையின் அமைப்பில் நாவல் எழுதுவது பற்றி

பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனிக்கு ‘எரோயிக்கா’ என்று பெயர். ஒரு வீரனை நினைத்து எழுதிய இசை, நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி வேகமும் வீறுமாகப் போகும். இரண்டாவது பகுதி சவ ஊர்வல இசை. பீத்தோவனே அதற்கு அப்படித்தான் தலைப்பு வைத்திருக்கிறார். ஆக, வீரன் இரண்டாவது பகுதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு துள்ளலாக ஒரு பகுதி, கொண்டாட்டமாக இன்னொரு பகுதி.

அரங்கில் உட்கார்ந்து கேட்பவருக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாது. இறந்தவன் எப்படித் துள்ளுகிறான் என்று யாரும் எழுந்து கேட்பதில்லை. ஆனால் இதே வரிசையில் ஒருவர் நாவல் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாயகனைப் பாதி வழியில் புதைத்துவிட்டு மீதிப் பக்கங்களை எதைக் கொண்டு நிரப்புவது?

அப்படி ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன்டனி பர்ஜெஸ். அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே, கியூபாவின் அலெஹோ கார்பென்தியர் இதே எரோயிக்காவை வைத்து முற்றிலும் வேறு மாதிரி ஒரு நாவல் எழுதியிருந்தார். இசை ஒன்றுதான், இருவரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு வேறு. இந்த விஷயத்துக்குப் புதியவர் ஒருவருக்கு எங்கிருந்தாவது தொடங்கிச் சொல்ல வேண்டுமென்றால் இந்த இரண்டு நாவல்களிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இசையைப் பற்றிய நாவல் வேறு, இசையின் அமைப்பில் கட்டிய நாவல் வேறு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் சங்கீதம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, ரங்கண்ணாவின் வீட்டுத் தம்பூராச் சுருதி படிப்பவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் கதை போகிற விதம் வழக்கமான நாவலின் விதம்தான். பாபுவின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போகிறது. நாம் இங்கே பேசப்போவது, பாட்டே இல்லாத கதையாக இருந்தாலும் அதன் எலும்புக்கூடு இசையிலிருந்து வந்திருக்கும் நாவல்களை.

சரி, இசையிலிருந்து நாவலுக்கு எதைக் கொண்டுவர முடியும்? ஒலியைக் கொண்டுவர முடியாது. எவ்வளவு சந்தமாக எழுதினாலும் உரைநடை வயலின் ஆகாது. பல குரல்கள் ஒரே நொடியில் சேர்ந்து ஒலிப்பதையும் கொண்டுவர முடியாது. பக்கத்தில் ஒரு சொல் முடிந்த பிறகுதான் அடுத்த சொல் வரும். கொண்டுவர முடிவது காலத்தைப் பற்றிய முடிவுகளை. எது முன்னால், எது பின்னால், எதற்கு எவ்வளவு இடம், எங்கே வேகம், எங்கே நிதானம், முன்பு வந்தது மறுபடி எப்போது வர வேண்டும். இசையமைப்பாளருக்கு இவைதான் அன்றாட வேலை. நாவலாசிரியருக்கும் இதே வேலை உண்டு என்றாலும், பெரும்பாலும் இதை அவருக்காக நாட்காட்டி செய்துகொடுத்துவிடுகிறது. பிறந்தான், வளர்ந்தான், மணந்தான், மாண்டான். இசைக்கு நாட்காட்டி கிடையாது. அங்கே சாவுக்குப் பிறகு துள்ளல் வருவது, சாவுக்குப் பக்கத்தில் துள்ளல் நிற்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்ததால்தான். இசையின் அமைப்பை ஒரு நாவல் எடுத்துக்கொள்கிறது என்றால் முக்கியமாக நாட்காட்டியின் பிடியிலிருந்து அது கொஞ்சம் விலகிக்கொள்கிறது என்று பொருள்.

இப்போது எரோயிக்காவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பீத்தோவன் இதை 1803, 1804 ஆண்டுகளில் எழுதினார். பொதுமக்கள் முன் முதலில் வாசிக்கப்பட்டது 1805 ஏப்ரலில், வியன்னாவில். அதற்கு முன் கேட்டுப் பழகிய சிம்பொனிகளைவிட இது மிக நீளம். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் போகும். நெப்போலியனை மனதில் வைத்து எழுதியவர், அவர் தன்னைத்தானே பேரரசராக அறிவித்துக்கொண்ட செய்தி வந்ததும் கொதித்துப்போய் முதல் பக்கத்தைக் கிழித்தெறிந்தார் என்று அவருடைய மாணவர் ரீஸ் எழுதி வைத்திருக்கிறார். எஞ்சியிருக்கும் ஒரு கைப்படியில் போனபார்ட்டின் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டிய வேகத்தில் தாள் ஓட்டையாகியிருக்கிறது. பிறகு 1806இல் அச்சாகி வந்தபோது, ‘ஒரு பெரிய மனிதரின் நினைவைக் கொண்டாட’ என்று மட்டும் போட்டார்கள். உயிரோடு இருந்த மனிதருக்கு ‘நினைவு’!

சிம்பொனியின் பெரிய பகுதிகளை மூவ்மெண்ட் என்பார்கள். ஒவ்வொரு மூவ்மெண்டுக்கும் தனி வேகம், தனி மனநிலை உண்டு. இளையராஜா தம்முடைய சிம்பொனியை 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேற்றியபோது இந்தச் சொல் நம் செய்தித்தாள்களிலும் நிறையப் புழங்கியது. முதல் மூவ்மெண்ட் பெரும்பாலும் ‘சொனாட்டா வடிவம்’ என்கிற அமைப்பில் இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அதற்குள் ஒரு கதைசொல்லும் முறைதான் இருக்கிறது. முதலில் கருப்பொருள்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவார்கள். கருப்பொருள் என்றால் மனதில் தங்குகிற ஒரு மெட்டுத் துண்டு. அடுத்து அவற்றை எடுத்து உடைத்து, முட்டவிட்டு, பழக்கமில்லாத சுருதிகளுக்கு இழுத்துப்போய் அலைக்கழிப்பார்கள். பிறகு முதலில் கேட்டவையே திரும்பவும் வரும். மெட்டு அதேதான், ஆனால் நடுவில் பட்ட பாட்டையெல்லாம் கேட்ட காது இப்போது அதை வேறு மாதிரி கேட்கும். கடைசியில் ஒரு முடிப்பு இருக்கும், அதற்குக் கோடா என்று பெயர்.

எரோயிக்காவில் இந்தத் திரும்பி வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மற்ற வாத்தியங்கள் தயாராவதற்குள் ஒரு ஹார்ன் முந்திக்கொண்டு மெதுவாக அந்த மெட்டை எடுத்துவிடும். முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்றிருந்த ரீஸ், ஹார்ன்காரர் கணக்குத் தப்பி நுழைந்துவிட்டார் என்று நினைத்துத் திட்ட, பீத்தோவனிடம் அடி வாங்காத குறையாகத் தப்பித்தாராம். வேண்டுமென்றே எழுதியது அது. வரப்போவதைக் காதில் லேசாகப் போட்டுவிட்டுப் பிறகு முழுதாகத் தருவது. நாவலாசிரியர்களுக்கு இந்த உத்தி பழக்கம்தான்.

இனி கார்பென்தியர். இவர் நாவலாசிரியர் மட்டும் அல்ல, இசை ஆய்வாளரும்கூட. கியூப இசையின் வரலாற்றை 1946இல் புத்தகமாக எழுதியவர். அவருடைய ‘எல் அகோசோ’ 1956இல் வந்தது. ‘துரத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய நாவல். ஹவானாவில் ஒரு அரங்கு, உள்ளே எரோயிக்கா வாசிக்கப்போகிறார்கள். டிக்கெட் கொடுக்கும் இளைஞன் பீத்தோவனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறான். மூச்சிரைக்க ஓடிவருகிற ஒருவன் பெரிய நோட்டை நீட்டிவிட்டு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் உள்ளே நுழைந்துவிடுகிறான். அவனைக் கொல்ல இரண்டு பேர் பின்னாலேயே வருகிறார்கள்.

இந்தத் தொடக்கப் பகுதி முதல் வாசிப்பில் சரியாகப் புரியாது. துரத்தப்படுகிறவன் யார், எதற்காக ஓடுகிறான், ஏன் இந்த இசை அவனை இப்படி உலுக்குகிறது என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. நினைவுத் துண்டுகளாக வந்து விழுகின்றன. கருப்பொருள்கள் அறிமுகமாகிற இடம் இது. நடுப்பகுதி பின்னோக்கிப் போகிறது. படிக்க வந்த மாணவன் அவன். கியூபாவை ஆண்ட மச்சாடோவின் சர்வாதிகாரத்துக்கு எதிரான அரசியலில் சேர்ந்து, அது வெறும் கொலைத் தொழிலாகத் திரிந்தபோதும் விடாமல் தொடர்ந்து, பிடிபட்டதும் பயத்தில் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டான். பிறகு தன்னை வளர்த்த கிழவியின் வீட்டு மாடியில் ஒளிந்திருக்கிறான். பக்கத்தில் யாரோ இசைத்தட்டில் ஒரே இசையைத் திரும்பத் திரும்பப் போடுவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. போட்டது அந்த டிக்கெட்காரன், இசை எரோயிக்கா. கடைசிப் பகுதியில் மறுபடி அரங்குக்கே வந்துவிடுகிறோம். அதே நாற்காலிகள், அதே சிம்பொனி, அதே இரண்டு துரத்துபவர்கள். எல்லாம் முன்பு பார்த்தவைதான், ஆனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

அறிமுகம், அலைக்கழிப்பு, திரும்பி வருதல் என்ற சொனாட்டாவின் நடைதான் இது. கார்பென்தியரே இந்த நாவலைச் சொனாட்டா வடிவத்தில் அமைத்ததாகச் சொன்னார். மூன்று கருப்பொருள்கள், பதினேழு மாறுபாடுகள் (ஒரே மெட்டை மாற்றி மாற்றித் தருவது), ஒரு முடிப்பு என்று கணக்கும் கொடுத்தார். அந்தக் கணக்கை அத்தியாயம் அத்தியாயமாகப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பொருத்திப் பார்த்த விமர்சகர்கள் ஆளுக்கொரு விடை கண்டிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் இசையிலிருந்து எடுத்த இன்னொன்று, அதன் நேரம். அந்தச் சிம்பொனியை வாசித்து முடிக்க ஆகிற 46 நிமிடம்தான் கதை நிகழும் நேரம் என்று வைத்துக்கொண்டார். ஒரு மனிதனின் பல வருட வீழ்ச்சி முழுவதும் அந்த 46 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். உள்ளே இசை நடக்கும்வரை அவனுக்கு உயிர். கூட்டம் இருக்கும்வரை யாரும் சுட மாட்டார்கள். இசை முடிந்தால் கூட்டம் கலையும். ஆக, இங்கே மூவ்மெண்ட் ஒவ்வொன்றும் முடிவது கெடு ஒன்று நெருங்குவது மாதிரி. இசையே தெரியாதவருக்கும் இந்தப் பதற்றம் புரியும், அதனால்தான் இந்த நாவல் வெற்றி என்று நினைக்கிறேன்.

அந்தப் பெரிய நோட்டையும் கவனிக்க வேண்டும். அது கள்ளநோட்டோ என்ற சந்தேகத்தோடு கை மாறிக் கை மாறிக் கதை முழுக்கச் சுற்றுகிறது. ஓடுபவன் கையில் இருக்கும்போது அது கடைசி நம்பிக்கை. சிம்பொனியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பெண்ணைத் தேடிப் போகிற டிக்கெட்காரன் கையில் அது சபலம். அந்தப் பெண் அதைத் தொட மறுக்கும்போது அவமானம். ஒரே மெட்டு வேறு வேறு வாத்தியங்களில் வருவதுபோல ஒரே பொருள் வேறு வேறு கைகளில் வருகிறது. கடைசி மூவ்மெண்டையாவது கேட்கலாம் என்று டிக்கெட்காரன் அரங்குக்குத் திரும்பிவிடுகிறான். ஒளிந்திருந்தவன் கூட்டம் கலைந்த பிறகும் வெளியே போகாமல் பதுங்கிக் கிடக்க, துரத்தி வந்தவர்கள் காலி அரங்கில் அவனைச் சுடுகிறார்கள்.

பர்ஜெஸ் இன்னும் முரட்டுத்தனமான வேலையில் இறங்கினார். அவர் தன்னை முதலில் இசையமைப்பாளர் என்றும் பிறகுதான் எழுத்தாளர் என்றும் கருதியவர். இருநூறுக்கு மேற்பட்ட இசைப் படைப்புகள் எழுதியிருக்கிறார். நெப்போலியனைப் பற்றிய நாவலை எரோயிக்காவின் அளவுக்கே அமைப்பது என்ற யோசனை திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கோடு நடந்த பேச்சில் உருவானது. கூப்ரிக் நெப்போலியனைப் படமாக எடுக்கத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. பர்ஜெஸ் 1972இல் பாதியை எழுதி அனுப்பினார்; இது படத்துக்கு ஆகாது என்று கூப்ரிக் மறுத்துவிட்டார். பர்ஜெஸ் எழுதி முடித்து 1974இல் ‘நெப்போலியன் சிம்பொனி’ என்ற பெயரில் வெளியிட்டார். மறுத்தவருக்கே காணிக்கையாக்கினார்.

வேலை செய்த விதம் வேடிக்கையானது. சிம்பொனியின் இசைக்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு, இசைத்தட்டைப் போட்டு நேரம் பார்த்து, இசையின் இன்ன பகுதிக்கு நாவலில் இத்தனை பக்கம் என்று விகிதம் போட்டுக்கொண்டார். நாவல் நான்கு பகுதிகள். நீளங்களின் விகிதமும் சிம்பொனியுடையது. முதல் பகுதி இளம் தளபதியின் இத்தாலியப் படையெடுப்பில் தொடங்கி முடிசூட்டு வரை பாய்கிறது. இவ்வளவும் சரி. அப்புறம்தான் அந்தச் சவ ஊர்வலம்.

நெப்போலியன் செத்தது 1821இல். அதற்கு முன் ரஷ்யா இருக்கிறது, எல்பா இருக்கிறது, வாட்டர்லூ இருக்கிறது, செயின்ட் ஹெலினா தீவு இருக்கிறது. நாட்காட்டிப்படி இரண்டாவது பகுதியில் அவரைச் சாகடிக்க முடியாது; இசைப்படி சாகடித்தே ஆக வேண்டும். பர்ஜெஸ் இரண்டு வழிகளைச் சேர்த்துப் பிடித்தார். தன்னுடைய இறுதி ஊர்வலத்தையே நெப்போலியன் மனதில் காண்பது ஒன்று. அந்த இடம் செய்யுளாக வருகிறது, பீத்தோவனின் ஊர்வல மெட்டுக்கே பாடலாம்போலச் சொற்கள் அமைந்திருக்கின்றன. இரண்டாவது, சாவை அவரிடமிருந்து எடுத்து அவருடைய படைக்குக் கொடுத்தது. 1812இல் மாஸ்கோவிலிருந்து பனியில் பின்வாங்கிய படை, பெரெசினா ஆற்றில் உறையும் நீருக்குள் இறங்கிப் பாலம் கட்டிய வீரர்கள், அவர்களுடைய கூட்டச் சாவுதான் சவ ஊர்வலம். நெப்போலியனைப் பற்றி யார் எழுதினாலும் ரஷ்யாவை எழுதத்தான் செய்வார்கள். ஆனால் அதைக் கதையின் ஈமச் சடங்காக, அந்த நீளத்தில், அந்த நிதானத்தில் எழுத வைத்தது இசையின் நிபந்தனை. தானாக எழுதியிருந்தால் பர்ஜெஸுக்கே இந்த இடம் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மிச்சம் இரண்டு பகுதிகள். இங்கே பீத்தோவன் ஒரு சாவியை விட்டுவைத்திருந்தார். எரோயிக்காவின் கடைசிப் பகுதியில் வரும் மெட்டு, அவர் முன்பு புரொமீதியஸ் பற்றிய ஒரு பாலே நாடகத்துக்கு எழுதியது. புரொமீதியஸ் என்றால் கிரேக்கக் கதைகளில் தேவர்களின் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்து, அதற்குத் தண்டனையாகப் பாறையில் கட்டிவைக்கப்பட்டவன். கடல் நடுவே பாறைத் தீவில் சிறைவைக்கப்பட்டவர் நெப்போலியன். இதைவிட என்ன வேண்டும்? மூன்றாவது பகுதியில் நெப்போலியன் உட்கார்ந்து புரொமீதியஸ் நாடகம் பார்க்கிறார். நான்காவது பகுதி செயின்ட் ஹெலினாவில் நடக்கிறது. புதைக்கப்பட்ட மனிதர் புராணமாக எழுந்துவிட்டார், அவ்வளவுதான். மனிதரின் சாவுக்குப் பிறகும் புராணத்துக்குக் கதை உண்டு.

எரோயிக்காவின் அந்தக் கடைசிப் பகுதி ‘மாறுபாடுகள்’ என்கிற அமைப்பில் இருக்கிறது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதைத் தாளம் மாற்றி, நடை மாற்றி, அலங்காரம் மாற்றி மீண்டும் மீண்டும் தருவது. கீர்த்தனையின் ஒரே வரிக்குச் சங்கதி மேல் சங்கதி போடுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உரைநடையில் இதைச் செய்ய பர்ஜெஸ் கண்ட வழி, நடை மாற்றம். ஒவ்வொரு பத்தியையும் ஜேன் ஆஸ்டின் தொடங்கி ஹென்றி ஜேம்ஸ் வரையிலான ஆங்கில நாவலாசிரியர்களின் நடையைப் போல எழுதிக்கொண்டு போகிறார். பொருள் ஒன்றே, குரல் மாறிக்கொண்டே இருக்கிறது.

ரசிக்க முடிகிறதா? பாதிப் பேருக்கு முடியாது. புத்தகத்தின் முடிவில் வாசகருக்கு ஒரு செய்யுள் கடிதம் எழுதி, தான் செய்ய முயன்றது என்ன என்று பர்ஜெஸே விளக்கவும் செய்கிறார். சிம்பொனி காதில் ஓடாதவருக்கு நாவலின் பல இடங்கள் வீண் வித்தையாகத் தெரியும். பெரெசினா அப்படித் தெரியாது. இசை இட்ட நிபந்தனையிலிருந்து கதைக்கு வேண்டிய ஒன்று பிறந்த இடம் அது. மற்ற பல இடங்களில் நிபந்தனை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. யார் எழுதிய இசை நாவலைக் கையில் எடுத்தாலும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பிட்ட சிம்பொனியைப் பின்பற்றாமல், இசையமைப்பாளரின் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர் செக் நாவலாசிரியர் மிலன் குந்தேரா. அப்பா லுட்விக் குந்தேரா பியானோக் கலைஞர், செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் மாணவர். மகனும் இளம் வயதில் இசையமைத்துப் பழகியவர்தான். பியானோ, வயோலா, கிளாரினெட், தாளவாத்தியம் நான்குக்கும் அப்போது எழுதிய ஒரு படைப்பில் ஏழு பகுதிகள் இருந்தன. பிற்பாடு நாவல்களும் கேட்காமலே ஏழு ஏழு பகுதிகளாக வந்து விழுந்தன என்று ‘நாவலின் கலை’ என்ற கட்டுரை நூலில் சொல்கிறார். நான்கு தந்தி வாத்தியங்களுக்குப் பீத்தோவன் எழுதிய ஓபஸ் 131 என்ற நால்வர் இசையிலும் ஏழு மூவ்மெண்டுகள். அதில் மூன்றாவது மூவ்மெண்ட் வெறும் பதினோரு பார் (தாளக் கட்டம்) நீளம்தான், ஒரு நிமிடம்கூட ஆகாது; வேறொன்றோ கால் மணி நேரத்தை நெருங்கும். எல்லாப் பகுதிக்கும் சம இடம் தர வேண்டும் என்ற கட்டாயம் இசையில் இல்லை.

குந்தேராவிடம் கற்றுக்கொள்ளச் சுலபமானது வேகம் பற்றிய கணக்கு. ‘வாழ்க்கை வேறெங்கோ இருக்கிறது’ நாவலை அவரே எண்ணிக் காட்டியிருக்கிறார். முதல் பகுதியில் 71 பக்கத்துக்கு 11 அத்தியாயங்கள்; மிதமான வேகம், மொடராட்டோ. நான்காவது பகுதியில் 30 பக்கத்துக்குள் 25 அத்தியாயங்கள். தலைதெறிக்கிற வேகம், பிரெஸ்டிசிமோ. அத்தியாயம் சின்னதானால் வேகம் கூடும், இதில் அதிசயம் இல்லை. ஆனால் ஆறாவது பகுதியைப் பாருங்கள்: 26 பக்கத்துக்கு 17 அத்தியாயங்கள். அத்தியாயங்கள் இங்கும் சின்னவைதான், ஆனால் அதற்கு அவர் தரும் பெயர் அடாஜியோ, மிக நிதானம். ஏன்? அதற்கு முந்தைய பகுதி ஒரு முழு வருடத்தின் கதை. இந்தப் பகுதி சில மணி நேரத்தின் கதை மட்டும். வேகம் என்பது அத்தியாய நீளம் மட்டும் அல்ல, எத்தனை பக்கத்துக்குள் எவ்வளவு காலம் ஓடுகிறது என்பதும் சேர்ந்தது. எழுதிப் பழகுகிறவர்கள் தங்கள் கதையில் இதை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து நிமிடப் பேச்சுக்கு எத்தனை பக்கம், பத்து வருடத்துக்கு எத்தனை வரி என்று எண்ணினாலே கதை எங்கே தொய்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

அந்த ஆறாவது பகுதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது நடப்பது கவிஞன் யாரோமில் இறந்த பிறகு. அவன் இறப்பதோ அடுத்த பகுதியில், ஏழாவதில்! ‘தாங்கவியலா இலகுத்தன்மை’யிலும் இதே போக்கு. நாயகன் தோமாஷும் அவன் மனைவி தெரெசாவும் விபத்தில் இறந்துவிட்ட செய்தி மூன்றாவது பகுதியிலேயே ஒரு கடிதத்தில் நமக்குக் கிடைத்துவிடுகிறது. பிறகும் நாவல் ஏழாவது பகுதி வரை போகிறது. கடைசிப் பகுதியில் அவர்கள் ஒரு கிராமத்தில், நோய்ப்பட்ட தங்கள் நாயோடு, அமைதியாக இருக்கிறார்கள். கடைசிப் பகுதி மெதுவாகவும் மென்மையாகவும் முடிய வேண்டும், அதற்கு முந்தைய பகுதி வேகமும் இரைச்சலுமாக இருக்க வேண்டும் என்பது தனக்கு முன்பே தெரியும் என்கிறார் குந்தேரா. கதைப்படி எது கடைசியில் நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. எந்த ஒலி அளவில் முடிக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார். அவர்கள் சாகப்போவது நமக்குத் தெரியும் என்பதால் அந்த அமைதிக்கு வேறு ஒரு கனம் வந்துவிடுகிறது. எரோயிக்காவில் சவ ஊர்வலத்துக்குப் பிறகு வரும் துள்ளல் நம்மை என்னவோ செய்கிறதே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

இசையிலிருந்து எடுக்க மிகவும் கடினமானது பல குரல் அமைப்பு. ஃபியூக் என்று ஒரு வடிவம் உண்டு. ஒரு குரல் மெட்டைத் தொடங்கும்; அது போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குரல் அதே மெட்டோடு சேரும்; பிறகு மூன்றாவது. ஜேம்ஸ் ஜாய்ஸ் ‘யுலிஸிஸ்’ நாவலின் ஓர் அத்தியாயத்தை இந்த வடிவத்தில் எழுதியதாகச் சொன்னார். டப்ளினில் ஒரு ஓட்டல் மதுக்கூடம், மாலை நான்கு மணி, பியானோ பக்கத்தில் சிலர் பாடுகிறார்கள், ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார். ஃபியூக் எங்கே இருக்கிறது என்று அறிஞர்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது கிடைத்ததே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் அந்த அத்தியாயத்தின் தொடக்கம் அபாரம். ஓபராவுக்கு முன் வாசிக்கும் முன்னிசையில் பின்னால் வரப்போகிற மெட்டுகள் துண்டு துண்டாகத் தலைகாட்டும். அதேபோல முதல் இரண்டு பக்கங்களில் வெறும் சொற்துண்டுகள்: குதிரைக் குளம்பு, கிண்கிணிச் சத்தம், சிரிப்பு, தட்டல். ஒன்றும் புரியாது. பிறகு அத்தியாயம் போகப்போக அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் முழு வாக்கியமாக வந்து உட்காரும். பார்வையற்ற ஒருவரின் கைத்தடி தட்டும் ஓசை நெருங்கிக்கொண்டே வருவதை அச்சிட்ட பக்கத்திலேயே கேட்கலாம். ஒரே நேரத்தில் பல குரல் என்பது பக்கத்தில் நடக்காது. முன்பே கேட்ட ஒன்றைப் பின்னால் அடையாளம் காண்பது தாராளமாக நடக்கும்.

அந்த அடையாளம் காண்பதையே முழு நாவலின் அளவுக்கு விரித்தவர் ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களில் (பாடியே நடத்தும் இசை நாடகங்களில்) ஒரு பாத்திரத்துக்கோ பொருளுக்கோ ஒரு சின்ன மெட்டு இருக்கும். அது வரும்போதெல்லாம் மெட்டும் வரும். இதை லைட்மோட்டிஃப் என்பார்கள். நம் சினிமாப் பின்னணி இசையிலும் தினம் கேட்பதுதான். மன்னின் ‘மாய மலை’, 1924இல் வந்த நாவல், ஏழு என்ற எண்ணை இப்படிப் பயன்படுத்துகிறது. ஏழு அத்தியாயங்கள். மலைமேல் இருக்கும் காசநோய் விடுதியின் உணவுக்கூடத்தில் ஏழு மேசைகள். வாயில் வெப்பமானி வைத்திருக்க வேண்டியது ஏழு நிமிடம். நாயகன் ஹான்ஸ் காஸ்டோர்ப்பின் அறை எண் 34. மூன்றும் நாலும் ஏழு. மூன்று வாரம் தங்க வந்தவன் ஏழு வருடம் தங்கிவிடுகிறான். அந்த மூன்று வாரத்துக்கே முதல் நான்கு அத்தியாயங்கள் போய்விடும். எஞ்சிய வருடங்கள் எல்லாம் மீதி மூன்றுக்குள். படிக்கிறவருக்கும் நாட்கள் முதலில் நீண்டு, போகப்போகத் தேய்ந்து, எப்போது வருடங்கள் கழிந்தன என்றே தெரியாமல் போகும்.

இந்த மாதிரி நாவல்களில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கார்பென்தியர்தான். சின்னப் புத்தகம், கொலைக் கதையின் விறுவிறுப்பு உண்டு. படிப்பதற்கு முன் எரோயிக்காவை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். யூடியூபில் தேடினால் எத்தனையோ குழுக்கள் வாசித்தது கிடைக்கும். பிறகு குந்தேரா. பர்ஜெஸுக்குப் போகும்போது நெப்போலியனின் வாழ்க்கையும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யார் யார் என்றே பிடிபடாது. ஜாய்ஸின் அந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தால் பாதிச் சிரமம் குறையும்.

தாமஸ் மன் 1939இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசும்போது, தன் ‘மாய மலை’யை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நாவல் தனக்கு எப்போதும் ஒரு சிம்பொனி போன்றது, தெரிந்த இசையைக் கேட்பதில்தான் சுகம் அதிகம், முதல் முறை படிக்கும்போது பின்னால் வருவது தெரியாததால் முன்னால் வருவதன் அர்த்தம் முழுதாகக் கிடைக்காது என்பது அவர் சொன்ன காரணம். எழுநூறு பக்கத்துக்கு மேல் போகிற புத்தகத்துக்கு இப்படிக் கேட்பது கொஞ்சம் அதிகப்படிதான், அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் முறையிலேயே அலுத்துப்போனவர்களுக்கு இந்த வேண்டுகோள் பொருந்தாது என்று அதே பேச்சில் விலக்கும் கொடுத்துவிட்டார்.